கைராசிக்காரியும் அறுபது பித்தளைக் கூடுகளும்

எங்கள் பெரியப்பாவுக்குத் துப்பாக்கியைக் குறி பார்த்துச் சுடுவதில் ஒரு சிரமமும் கிடையாது. தோட்டாவைத் தயார் செய்வதில்தான் அவருக்கு உயிர் போயிற்று. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகவும் இருந்தார். வருஷத்துக்கு ஒரு போட்டி. புதுத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டையே மறுபடி பயன்படுத்துவது அங்கே வழக்கம். மருந்து அடைப்பதெல்லாம் கிளப்பில், பூட்டிய அறையில், பொறுப்பாளர் கண் முன்னால் நடக்கும். வெறும் கூட்டைச் சரிசெய்யும் வேலையை மட்டும் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

சுட்டதும் அந்தக் கூடு லேசாக உப்பிவிடும். உப்பிய கூடு திரும்பவும் துப்பாக்கிக்குள் நுழையாது. அதை ஓர் இரும்பு அச்சுக்குள் திணித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான இயந்திரம் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு கனத்த மேசையில் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அதன் நீளமான கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குப் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, மேசைக் காலில் ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு, முகம் சிவக்க இழுப்பார். அறுபது கூடு முடிவதற்குள் தோள்பட்டை வீங்கிவிடும். போட்டியன்று துப்பாக்கியைத் தூக்கினால் கை நடுங்கும். குண்டு பலகையை விட்டு வெளியே போகும். பத்து நாள் முன்னாலேயே செய்து வைத்தால் என்ன என்று பெரியம்மா கேட்பார். தக்காளியை யார் பறிப்பது என்று இவர் திருப்பிக் கேட்பார். உண்மையில் அவர் கடைசி நேரம் வரை எதையும் தொடாத ஆள்.

இழுப்பைச் சுலபமாக்க அவர் பூசிப் பார்க்காத பொருள் இல்லை. தேங்காயெண்ணெய் பூசினால் அது அச்சுக்குள் தேங்கிக் கூட்டில் குழி விழுந்தது. விளக்கெண்ணெய்க்கும் அதே கதி. சோப்பு காய்ந்து போயிற்று. டிராக்டர் கிரீஸைத் துடைத்தெடுக்க இன்னொரு நாள் ஆயிற்று. செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சின்ன டப்பாவிலிருந்து எதையோ தொட்டுப் பூசிவிட்டு இரண்டு விரலால் இழுத்தார். அந்த டப்பா எங்கள் பக்கத்து டவுனான பாலக்கோட்டில் கிடைக்கவில்லை. கடைசியில் பெரியம்மா சமையலறைக் கதவருகே நின்று சொன்னார்: “ஏங்க, தாளிக்கிற எண்ணெய மட்டும் வுட்டுட்டு வேற எதையாச்சும் பூசுங்க.”

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்கத்து வீடுதான் எங்கள் வீடு. அக்கா நன்றாகப் படிப்பாள். தம்பி ஆண்பிள்ளை. நடுவில் பிறந்த என்னிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. எங்கள் கறுப்புச் செம்மறிகளுக்கு மயிர் கத்தரித்த நாளில், கத்தரித்ததை அள்ளி மூட்டை கட்டும் வேலைகூட அதனால்தான் எனக்கு வந்தது. அதை முடித்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கொட்டகைக்குப் போய் நின்றேன். பெரியப்பா ஒரு கூட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பித்தளை பளபளவென்று இருந்ததால் அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் நன்றாக உருட்டிவிட்டுக் கொடுத்தேன்.

அவர் வழக்கம் போலக் காலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி சும்மா வந்துவிட்டது. முழு பலத்தோடு இழுத்தவர் அப்படியே பின்னால் போய்ப் பசுமாட்டின் மேல் சாய்ந்தார். பசு நகர்ந்துகொண்டது. பெரியப்பா சாணத்தில் உட்கார்ந்தார்.

எழுந்து, துடைத்துக்கொண்டு, தானே ஒரு கூட்டை எடுத்து வைத்தார். பழைய இழுப்புதான். நான் உருட்டிக் கொடுத்ததை வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. தம்பியைக் கூப்பிட்டு உருட்டச் சொன்னார். அசையவில்லை. அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார், அம்மா வந்துவிட்டாள். என் கையில் ஒட்டியிருந்த ஆட்டுப் பிசுக்குதான் காரணம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். செம்மறி மயிரில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது. வெள்ளைக்காரரின் டப்பாவிலும் அதுதான் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் ஆட்டின் மேல் சந்தேகம் வரவில்லை. கைராசி என்றார் பெரியம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த நாட்களில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா தக்காளி நாற்றுக்குக் குழித்தட்டில் விதை போடும்போது முதல் விதை என் கையால்தான். பாலுக்கு உறை ஊற்றுவது என் கையால். பெரியம்மாவிடம் பால் வாங்க வருகிற அக்காகூடத் தன் புதுச் செருப்பை என்னைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார். தம்பி தன் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அலைந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போட்டி நெருங்கியது. பெரியப்பா அறுபது கூடுகளையும் தட்டில் பரப்பினார். இவ்வளவு பெரிய காரியத்துக்குச் சுத்தபத்தமாக வர வேண்டாமா என்று பெரியம்மா என்னைத் தலைக்குக் குளிக்க வைத்தார். சீயக்காய் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. நெற்றியில் திருநீறு வைத்து, சாமி கும்பிடச் சொல்லி, கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நான் முதல் கூட்டை உருட்டிக் கொடுத்தேன். பெரியப்பா நம்பிக்கையோடு இழுத்தார். பாதி வரை போய் நின்றது. மேலும் கீழுமாக மல்லுக்கட்டினார். கூட்டின் அடிவிளிம்பு பிய்ந்து வந்ததே தவிர, கூடு அச்சுக்குள் சிக்கியது சிக்கியதுதான். பாலக்கோட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர் அதைத் துளைபோட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மறுநாள் குழித்தட்டில் கை வைக்கப் போனேன். பெரியம்மா தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “வேணாம் கண்ணு, நானே போட்டுக்கறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பாலுக்கு வந்த அக்காவிடம், புள்ள கையில ராசி இல்லாமப் போயிடுச்சு போல என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. எங்கள் தெருவில் ஏற்கெனவே அப்படிப் பேர் வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவள் என்ன செய்தாள் என்று யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. நான் அவளைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. தட்டு போய்விட்டதே என்று வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதேன்.

பெரியப்பா அங்கே தேடிக்கொண்டு வந்தார். ராணுவ விசாரணை மாதிரி எதிரில் உட்கார்ந்தார். “மொத மொத கூட்ட உருட்டிக் குடுத்த அன்னிக்குக் காலையிலருந்து எதையெல்லாம் தொட்ட? ஒண்ணு வுடாம சொல்லு.” பல்பொடி, தோசை, புத்தகப் பை, தம்பியின் முதுகு, ஆட்டு மயிர் என்று வரிசையாகச் சொன்னேன். ஆட்டு மயிரில் அவர் கையை உயர்த்தினார். என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்துக் கசக்கி, கையை முகர்ந்து பார்த்தார். அந்தக் கையாலேயே ஒரு கூட்டை உருட்டி வைத்து இழுத்தார். கைப்பிடி இறங்கியது. கொட்டகையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். என் கையை மூட்டைக்குள் விட்டுப் பிசையச் சொன்னார். பெரியம்மாவைக் கூப்பிட்டார். நான் உருட்டிக் கொடுக்க, கைப்பிடியைப் பெரியம்மாவையே இழுக்க வைத்தார். ஒற்றைக் கையால் இழுத்துவிட்டு அவர் என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். சாயங்காலமே குழித்தட்டு என்னிடம் திரும்பி வந்தது. பிய்ந்துபோன கூட்டுக்குப் பதில் இன்னொன்றைச் சேர்த்து, அறுபதையும் முடித்துத் துணியால் துடைத்து வைத்தோம்.

போட்டி சேலத்தில். துப்பாக்கியும் தோட்டாவும் கிளப் ஜீப்பில் போயின. பெரியப்பா, பெரியம்மா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். அன்று அவர் கை நடுங்கவில்லை. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லைதான். ஆனால் எல்லாக் குண்டும் பலகைக்குள் விழுந்ததைப் பார்த்துக் கிளப்காரர்களே எழுந்து வந்துவிட்டார்கள். வருஷா வருஷம் அவரைக் கேலி செய்கிற செயலாளர், கையில் நோட்டோடு வந்து, கூட்டுக்கு என்ன பூசினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். சுற்றிலும் அத்தனை பேர். இத்தனை வருஷம் முட்டி மோதிக் கண்டுபிடித்ததைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது.

பெரியப்பா, “ஒண்ணும் பூசலைங்க,” என்றார். “எங்க பாப்பா கைராசிங்க அது.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயலாளர் நோட்டை மூடிவிட்டார். மிலிட்டரிக்காரருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. உண்மையைச் சொல்லத் தைரியமில்லாத மனுஷன் என்று முடிவு கட்டி, திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் தனியாகப் போய் உட்கார்ந்தேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் வெகுநேரம் நின்றது. அவர் வாங்கி நீட்டிய வேர்க்கடலையைக்கூட வாங்கவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால், பேச்சு காதில் விழும் தூரத்தில் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த பெரியம்மாவை அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். பசிக்கிறது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.