என் தம்பி கேட்கும் கேள்வி

என் தம்பி பரணிக்கு முப்பத்தொரு வயது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நீராவி அடிக்கிற மேசை முன்னால் நாள் பூராவும் நிற்கிற வேலை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றினாலும் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தன் மேல் வேர்வை நாற்றம் அடிக்கிறது என்று பயந்து சாகிறவன் திருப்பூரில் வேறு வேலையே கிடைக்காத மாதிரி இதைப் போய்ப் பிடித்தானே என்று எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். கேட்டால், அங்கே எல்லோருக்கும் வேர்ப்பதால் தன் நாற்றம் தனியாகத் தெரியாது என்பான். யோசித்துத்தான் பிடித்திருக்கிறான், கெட்டிக்காரன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் மேல் ஒரு நாற்றமும் கிடையாது. கூடப் பிறந்தவள் சொல்கிறேன், பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கிட்டே போனால் சோப்பு வாசனை அடிக்கும், அவ்வளவுதான். அடிக்காமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு நாலு குளியல். ஒவ்வொரு அக்குளுக்கும் ஒன்பது தேய்ப்பு. எண்ணிக்கை தவறினால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்லூரில் அவனும் அம்மாவும் இருப்பது வாடகை வீடு, தண்ணீரை அளந்துதான் புழங்க முடியும். அம்மா கதவுக்கு வெளியே நின்று தொட்டி காலியாகிவிட்டது என்று சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தில் அவனுக்கு எண்ணிக்கை தவறிவிடும். மறுபடியும் ஒன்று, இரண்டு. தான் கத்துவதால்தான் இன்னும் இரண்டு வாளி செலவாகிறது என்பது அம்மாவுக்குப் புரியவே மூன்று வருடம் ஆயிற்று.

வேலைக்குப் போகும்போது பையில் மூன்று சட்டை இருக்கும். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் படியோரம்தான் நிற்பான். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, யார் மேலும் படாத மூலையாகத் தேடிப் போய் உட்காருவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருந்தார்கள். பாவம், அவன் அவர்களுக்காக ஒதுங்கிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே.

"ஏனுங்க்கா, ஏதாச்சும் நாத்தமடிக்குதுங்களா?"

சின்ன வயதில் இருந்து என்னிடம் லட்சம் தடவை கேட்டிருப்பான். லட்சம் தடவையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சொன்னால் முகம் தெளியும். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் நிம்மதியாக இருப்பான். அப்புறம் மறுபடியும் கேட்பான். நான் முருகவேலைக் கல்யாணம் செய்துகொண்டு தனி வீடு வந்த பிறகு போனிலும் கேட்க ஆரம்பித்தான். போனில் எப்படியடா தெரியும் என்று திட்டினால், நேற்று வந்திருந்தபோது அடித்ததா என்று கேட்டேன் என்பான். அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பாப்பா பிறந்தாள். பதினோரு மாதமாகியும் அவன் அவளைத் தூக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வருவான். அவளுடைய அப்பா வாங்கித் தந்ததைவிட மாமன் வாங்கித் தந்த கவுன்தான் அதிகம். ஆனால் வாசல்படியிலேயே நின்றுகொண்டு கிலுகிலுப்பையை ஆட்டுவான். அவள் சிரித்துக்கொண்டு அவனை நோக்கித் தவழ்ந்தால் இவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய் கேட்டுக்கு வெளியே நிற்பான். பச்சைக் குழந்தைக்குத் தன் நாற்றம் ஒட்டிக்கொள்ளுமாம். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

தை மாதம் அவன் கம்பெனியில் ஒரு கூத்து நடந்தது. ஏற்றுமதிக்குத் தயாராக இருந்த டீ சர்ட் பெட்டிகளை, சரக்கு வாங்குகிற பையரின் ஆட்கள் வந்து திறந்து பார்த்துவிட்டு, துணியில் ஏதோ மீன் வாடை வருகிறது என்று சரக்கை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் செல்வக்குமார் ஒவ்வொரு செக்‌ஷனாக விசாரித்துக்கொண்டு வந்தார். யாரும் கேட்காமலே இவன் மேசையை விட்டு வந்து அவர் முன்னால் நின்றிருக்கிறான்.

"நான்தானுங்க சார். அந்தப் பீஸெல்லாம் நான்தான் அயர்ன் பண்ணுனேன். என்ற மேல இருந்து ஒட்டீருக்குதுங்க."

பதினெட்டாயிரம் பீஸ். அத்தனையும் இவன் ஒருத்தன் வேர்வையாம். செல்வக்குமார் முதலில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, குடோனுக்குக் கூட்டிப் போய், இன்னும் வெட்டவே வெட்டாத துணி ரோலை முகரச் சொல்லியிருக்கிறார். அதிலும் அதே மீன் வாடை. துணி மெதுவாக இருக்கப் போடுகிற சாஃப்ட்னர் கெட்டுப்போயிருந்ததுதான் காரணம் என்று மறுநாள் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகப் போயிருப்பார்கள். என் தம்பி, போன வாரம் ரோல் இறக்கும்போது தானும் ஒரு கை பிடித்ததாகச் சொன்னானாம்.

செல்வக்குமார் அன்று மாலை எனக்குப் போன் செய்தார். சிரிக்காமல் பேசினார், அதற்காக அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தம்பியை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், வேலை எங்கும் போகாது என்றார். தோல் டாக்டரை ஏற்கெனவே இரண்டு பேரைப் பார்த்தாயிற்று. இந்த முறை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வழியில் திரும்பி ஓடிவிடுவானோ என்று அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அந்த டாக்டரம்மா இதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னார். ஒரே சந்தேகமும் ஒரே செய்கையும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற நோயாம். பலருக்கும் இருப்பதுதான், வைத்தியம் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். வாரம் ஒரு முறை வந்து பேசச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தம்பி கேட்கும்போது நீங்கள் இனிமேல் பதில் சொல்லக் கூடாது என்றார். நாங்கள் இல்லை என்று சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு அடுத்த சந்தேகம் பிறக்கிறதாம். பதில் தெரியாமலே இருக்க அவன் பழக வேண்டுமாம். அவனையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவனும் தலையாட்டினான். எனக்குத்தான் தாங்கவில்லை. இத்தனை வருடம் அன்பு என்று நினைத்து நான் கொடுத்ததே அவனுக்குக் கெடுதலாக இருந்திருக்கிறது. அன்று இரவு அழுது தீர்த்தேன்.

இரண்டு மாதம் பழகினோம். அவன் கேட்பான், நான் அடுப்பைப் பார்ப்பேன். அம்மா பாத்திரம் கழுவப் போய்விடுவாள். சில நாள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவான். குளியல் நாலில் இருந்து மூன்றானது. பையில் ஒரு சட்டை குறைந்தது. பாப்பாவை மட்டும் தூக்கவில்லை.

பங்குனியில் சிவன்மலையில் காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. நாலு நாள் முன்னால் சீர்த்தட்டுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மடியில் வைக்க மட்டும் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி வீசியிருப்பேன்.

"நீ உக்கார்றதா இருந்தா காது குத்தறோம். இல்லாட்டி உன்ற மருமக மூளிக் காதோடவே வளரட்டும்" என்றேன்.

வந்தான். வீட்டில் குளித்துவிட்டு வந்தவன், மலைக்குக் கீழே குழாயைப் பார்த்ததும் இன்னொரு முறை குளித்தான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று முருகவேல் போய் ஈரத் தலையோடு கூட்டிவந்தார். பாயில் உட்கார்ந்தான். நான் பாப்பாவை அவன் மடியில் வைத்தேன். தொடாமல் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டான். போலீஸ்காரன் கையைத் தூக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அந்த வெயிலில் இரண்டு நிமிடத்தில் புதுச் சட்டையின் அக்குள் நனைந்துவிட்டது. அவனும் அதைப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்க்கா, நாத்தமடிக்குதுங்களா?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். முருகவேல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இல்லை என்கிற ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால் அவன் முகம் தெளிந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

என்னிடம் கிடைக்காது என்று தெரிந்ததும், எதிரே உட்கார்ந்திருந்த ஆசாரியிடம் கேட்டான். அவர் பாவம், எதுவும் தெரியாத மனிதர். தங்கக் கம்பியின் முனையைச் சரிபார்த்துக்கொண்டே, "மாமன் நீங்கதானுங்களே? கொழந்த தலைய நெஞ்சோட அணச்சுக் கெட்டியாப் புடிங்க சாமி. அசைஞ்சா எடம் மாறிப்போயிரும்" என்றார்.

அவன் கை இறங்கியது. பாப்பாவின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். ஆசாரி குத்தினார். அவள் வீறிட்டாள். மறு காதுக்கும் அப்படியே பிடித்தான். எல்லாம் முடிந்ததும் வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்திருந்த அந்த அக்குளுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டுமுங்க்கா. இன்னும் அழுகுது" என்றான்.

ஆசாரி போய்விட்டார். சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்கள். அவன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தைப் பார்க்காமல், பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.