மேட்டுக்கு முன்னால் இரண்டாவது கியர்

பெட்ரோல் பங்க் தாண்டியதும் கேக்கம்மாவின் இடது கை தானாகக் கியர் கம்பிக்குப் போய்விடும். ‘டி’யில் இருக்கும் கம்பியைப் பக்கவாட்டில், கையால் கியர் மாற்றும் ‘எம்’முக்குத் தள்ளி, கீழ்நோக்கி ஒரு தட்டு. மீட்டரில் மூன்று என்றிருந்தது இரண்டாகும். மேடு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. அதற்குள் என்ன அவசரம் என்று பக்கத்து இருக்கையில் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் காரை ஆசை ஆசையாக வாங்கி வந்தவர் அவர்தான்.

வாங்கியதற்குக் காரணம் கேக்கம்மாவின் இடது முழங்கால். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிளட்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கேக்கம்மாவுக்குக் கல்யாண கேக் செய்வதுதான் தொழில். வீட்டு அடுப்படியில் அடுக்கி, க்ரீம் பூசி, பூ வைத்து, காரின் பின்பக்கம் ஏற்றி, மண்டபம்வரை தானே ஓட்டிப் போய் இறக்குவார். தூங்குகிற பிள்ளையைக்கூட அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார், கேக்கைக் கொடுக்க மாட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் பழைய காரை விற்றுப் புதியதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இனி மிதிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம் என்றார்.

புதுக் கார் முதல் வேலையிலேயே காலை வாரிவிட்டது. மேட்டு மண்டபத்துக்கு மூன்றடுக்கு கேக். பாதி மேட்டில் வண்டி திணற, கேக்கம்மா ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினார். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு தானே கியர் இறங்கி, விருட்டென்று துள்ளியது. மேலடுக்கு வழுக்கிப் பின்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. மணப்பெண்ணின் தாய் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு மண்டப மேனேஜரின் போனும் நின்றது. கேக்கம்மாவுக்கு வரும் ஆர்டரில் பாதி அந்த மண்டபத்திலிருந்துதான்.

கம்பியின் ஓரத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் எதற்கு என்று மெக்கானிக்கிடம் கேட்டது அதற்குப் பிறகுதான். வேண்டும்போது கியரைக் கையாலேயே ஏற்ற, இறக்க என்றார் அவர். கேக்குக்குப் பதிலாகப் பெரிய பாத்திரத்தில் ஜெல்லி உறையவைத்து, பின்னால் ஏற்றிக்கொண்டு, நடமாட்டம் குறைந்த மதிய நேரத்தில் அதே மேட்டில் ஏறி இறங்கிப் பழகினார். குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஜெல்லி தின்று தின்று வாய் சலித்துப்போனது. வண்டி முடிவெடுப்பதற்குள் தான் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

கணவருக்கு மனத்தாங்கல். கையால் மாற்றுவதென்றால் பழைய காரே போதுமே, எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று ஒருநாள் பொரிந்து தள்ளிவிட்டார்.

“அது என் காலைப் பாத்துக்குது. கேக்கை நான்தானே பாத்துக்கணும்?” என்றார் கேக்கம்மா.

போன வாரம் மேனேஜரின் போன் வந்தது. இப்போது கேக் செய்து கொடுப்பவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம். நான்கடுக்கு. “இந்த ஒரு தடவை பாப்போம்மா” என்றார். இதுவும் சரிந்தால் தொழிலை ஏறக்கட்டிவிட்டு ஏதாவது பேக்கரியில் க்ரீம் பூசும் வேலைக்குப் போய்விடுவது என்று கேக்கம்மா முடிவு செய்திருந்தார். கணவரிடமும் அதைச் சொன்னார். கேக் கொண்டுபோகும் நாளில் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

மேட்டின் நடுவில் முன்னால் போன வேன் நின்றுவிட்டது. கேக்கம்மாவும் நிறுத்த வேண்டியதாயிற்று. கேக் என்ன ஆனதோ என்று கணவர் பின்னால் திரும்பப் போனார்.

“திரும்பாதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பயம் வந்துரும்.”

வேன் நகர்ந்ததும் ஒன்றாவது கியரில் கிளப்பி, அதிராமல் இரண்டுக்கு ஏற்றி, மண்டபத்தின் பின்வாசல்வரை ஊர்ந்து போய் நிறுத்தினார்.

மேனேஜர் பின்கதவைத் திறந்தார். குனிந்து கேக்கைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு, தூக்க நாலு பேர் வரும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கணவர் இறங்கி ஓடிப் பார்த்தார். நான்கு அடுக்கும் வைத்தது வைத்தபடி இருந்தன. அதைச் சொல்ல முன்பக்கம் வந்தால், கேக்கம்மா இன்னும் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேக்கை மிதித்த காலை எடுக்கவே இல்லை. கை கியர் கம்பியை விடவில்லை. கணவர் கதவைத் திறந்து குனிந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, கம்பியை மெல்ல, வண்டியை நிறுத்திவைக்கும் ‘பி’க்குத் தள்ளினார்.