சீரோடு வந்த சிறுமி

காலை ஒன்பது பத்துக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியது என் தங்கை கவிதா. பின்சீட்டில் அவள் மகள் நிலா, எட்டாம் வகுப்பு. தெற்கே நாற்பத்தைந்து மைலில், டெலவேர் ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போகிறோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் முழுக்க விமானத்தில் கிடந்து வந்தவளை நயாகராவுக்குக் கூட்டிப்போகாமல், செத்துப்போன எவரோ ஒருவர் வீட்டுக்கா கூட்டிப்போவது என்று எனக்குக் கடுப்புதான்.

“நிலாவுக்கு திங்கக்கிழமை ஸ்பீச் காம்படிஷன்க்கா. ‘மை ஹீரோ’னு டாபிக். இந்த ஆளத்தான் செலக்ட் பண்ணியிருக்கா. ஒரு மாசமா ப்ரிப்பேர் பண்றா” என்றாள் கவிதா.

நம் பக்கம் யாரும் கேள்விப்பட்டிராத ஆள். அடிமை வியாபாரம் ஊரெல்லாம் நடந்த காலத்தில், அது பாவம் என்று முதலில் எழுந்து சொன்ன சிலரில் ஒருவர். ஊர் ஊராக நடந்தே போய், அடிமை வைத்திருந்தவர்களின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, அடிமைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்பாராம். அடிமைகள் வெட்டிய கரும்பு என்று சர்க்கரையைத் தொடமாட்டாராம். வழியெல்லாம் நிலா அவர் புராணம்தான் பாடினாள். எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு எட்டு டாலர். சின்னச் செங்கல் வீடு. நரைத்த தலையோடு ஒரு அம்மாள் அறை அறையாகக் காட்டினார். அந்த மனிதர் எழுதிய மேசை, மனைவியின் ராட்டை, இரண்டு பிள்ளைகள் கிடந்த தொட்டில். அடுப்படியில் ஒரு ஏணி. ஏறிப் பார்த்தால், நிமிர்ந்து நிற்க முடியாத பரண். தரையில் ஒரு வைக்கோல் மெத்தை.

இங்கே யார் படுத்தார்கள் என்று நிலா கேட்டாள்.

அந்த அம்மாள் மழுப்பவில்லை. கல்யாணத்தின்போது மாமனார் தன் மகளோடு ஒரு கறுப்பினச் சிறுமியையும் கொடுத்தனுப்பினாராம். இவர் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த ஒன்பது வருடமும் அவள் இந்த வீட்டில் தண்ணீர் சுமந்தாள், பிள்ளை தூக்கினாள். அப்புறம்தான் விடுவித்தாராம். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவி! சக்கரைய விட்டவனுக்குப் புள்ளைய விட மனசு வரலையா?” என்று கத்தியே விட்டேன். நிலாவின் முகம் வெளிறிப்போனது. திங்கட்கிழமை மேடையேற இப்போது அவளிடம் ஹீரோ இல்லை.

கவிதா சமாதானம் சொல்ல நினைத்தாள், பாவம். “அப்பல்லாம் அப்படித்தான் கண்ணு. நம்ம வீட்லயே, பெரியம்மா கல்யாணத்துல தாத்தா செல்விய கூட அனுப்பலையா, வீட்டு வேலைக்கு?”

நிலா என் பக்கம் திரும்பினாள். “ஹவ் ஓல்ட் வாஸ் ஷீ, பெரியம்மா?”

“பத்து.”

“டிட் எனிபடி ஆஸ்க் ஹர்?”

பொள்ளாச்சியில் எங்கள் தோட்டத்து ஆளின் மகள் அவள். சீர்ப் பாத்திரங்கள் வந்த வேனில்தான் அவளும் வந்தாள், உருளாமல் அண்டாவைப் பிடித்துக்கொண்டு. ஏழு வருடம் இருந்தாள். என் பிள்ளைகள் இரண்டும் அவள் இடுப்பில் வளர்ந்தவை. நன்றாக வைத்துக்கொண்டோம், தீபாவளிக்குத் துணி எடுத்தோம் என்று இந்த நாள்வரை பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

“யாரும் கேக்கல அம்மிணி. நானும் கேக்கல” என்றேன்.

திரும்பும்போது டர்ன்பைக் நெடுஞ்சாலையில், ஒன்பதாம் எக்ஸிட் நெருங்கையில் நிலா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். ஸ்பீச்சை மாற்றிவிட்டாளாம். பரணில் படுத்த சிறுமியைப் பற்றித்தான் பேசப் போகிறாளாம்.

“கேன் ஐ டாக் அபவுட் செல்வி டூ, பெரியம்மா?”

“நிலா, சும்மா இரு!” என்றாள் கவிதா. எனக்கும் மானம் போகிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

“பேசு. ஆனா செல்வின்னு சொல்லாத. அது நாங்க வெச்ச பேரு” என்றேன். “அவ பேரும் என் மாமியார் பேரும் ஒண்ணு. மாமியார் பேரச் சொல்லி வேலைக்காரப் புள்ளைய எப்படிக் கூப்பிடறதுன்னு, வந்த அன்னிக்கே மாத்திட்டோம்.”

“ஸோ, வாட்ஸ் ஹர் ரியல் நேம்?”

அந்தப் பெயரை அவளுக்கென்று நான் சொல்வது இதுதான் முதல்முறை.

“ராஜேஸ்வரி.”