ஏசுதாஸ் எடுத்துத் தரும் புத்தகம்

செங்கல்பட்டில் எம்.டி. படிக்கிற பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு பிடித்துக்கொள்கிற ஜுரம் ஒன்று உண்டு. அதன் பெயர் பிராக்டிகல். எழுத்துத் தேர்வில் தெரியாததைக்கூட நாலு பக்கம் இழுத்து எழுதி ஒப்பேற்றிவிடலாம். பிராக்டிகலில் அந்தப் பருப்பு வேகாது. முன்பின் பார்த்திராத ஒரு நோயாளியைக் கட்டிலில் காட்டிவிடுவார்கள். விசாரித்து, தொட்டுப் பார்த்து, நோயைக் கண்டுபிடித்து முடித்ததும் நாலு பரீட்சகர்கள் சுற்றி நின்று கேள்வியாகக் கேட்டுத் துளைப்பார்கள். மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு காலையில் தேறும், இல்லை ஊற்றிக்கொள்ளும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் முதலில் ஓடிவருவது ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கிற ஏசுதாஸின் புத்தகக் கடைக்குத்தான்.

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை அவர். “வார்டுல எத்தினி கேஸ் பாத்துக்கீற?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைக் காட்டி அதுதான் வேண்டும் என்று நிற்கிற பிள்ளையிடம் மெல்லிசான ஒன்றைத் திணிப்பார். “மூணு வாரம் இத்த வச்சிகினு நோயாளியாண்ட நில்லு. அப்பால வா, பெருச நானே தர்றேன். மாத்திப் படிச்சன்னா அங்க போய் வாயே தொறக்க மாட்ட.” வியாபாரம் பண்ணத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டேனே என்று அவர் மனைவி ரெஜினா தலையில் அடித்துக்கொள்வாள்.

அச்சரப்பாக்கத்தில் பத்தாவதோடு படிப்பை விட்டவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான். பிராக்டிகல் நடக்கிற நாட்களில், முடித்துவிட்டு முகம் வெளுத்து வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுப்பார். என்ன கேஸ் வந்தது, என்ன கேட்டார்கள், எதில் மாட்டிக்கொண்டாய் என்று விசாரித்து, ஆங்கிலப் பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நீள நோட்டில் எழுதுவார். விடை எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையையே தேட வைத்து அதையும் எழுதிக்கொள்வார். பதினான்கு வருடத்தில் மூன்று நோட்டு நிரம்பியது. அவர் சொல்லி வாங்கிய புத்தகம் காலை வாரியது என்று இதுவரை ஒரு பிள்ளை திரும்பி வந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அந்த ரோஸ்மில்க் குடித்தவர்களில் ஒருவர்தான் டாக்டர் ராஜாராம். முதல் தடவை ஃபெயிலாகி, கடை ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதவர். இன்னும் ஆறு மாதத்துக்கு என்ன படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்று நோட்டைப் பிரித்து ஏசுதாஸ்தான் வழி சொன்னார். அடுத்த தடவை ராஜாராம் பாஸ். இனிப்பு டப்பாவோடு வந்து, “நீங்க இல்லன்னா நான் இல்லண்ணே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியரும் ஆனார்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் வந்து, “அண்ணே, அந்த நோட்டுங்கள ஒரு வாரம் குடுங்க. ஜெராக்ஸ் போட்டுட்டுத் தர்றேன், என் ஸ்டூடண்ட்ஸுக்கு ஒதவும்” என்றார். மாட்டேன் என்று சொல்ல ஏசுதாஸுக்கு வாய் வருமா? எடுத்துக் கொடுத்தார். சொன்ன நாளில் நோட்டுகள் திரும்பி வந்தன, புது அட்டை போட்டு. பெரிய இடத்துக்குப் போனாலும் என்ன பதவிசு பாரு என்று ரெஜினாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

போன மாதம் ராஜாராமே போன் செய்தார். “அண்ணே, பிராக்டிகலுக்கு ஒரு புக் எழுதிக்கீறேன். மாமல்லபுரத்துல ரிசார்ட்ல வெளியீட்டு விழா. புக் ஸ்டால் நீங்கதான் போடணும், வேற யாரையும் நான் கூப்பிட மாட்டேன்.” ஏசுதாஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பினார்.

கடலைப் பார்த்த வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். புத்தகக் கட்டைப் பிரித்து அடுக்கினார். காற்றில் பக்கங்கள் படபடவென்று புரண்டன. எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கிறவர்தான். ஆனாலும் முதல் அத்தியாயத்தின் தலைப்பு சுலபமாகவே புரிந்தது: எந்தப் புத்தகத்தைப் படிப்பது. கீழே, முதலில் மெல்லிய புத்தகம், பிறகு மூன்று வாரம் வார்டு, அதன்பின் பெரிய புத்தகம்.

அவசர அவசரமாக மேலே புரட்டினார். கேள்விகள் அவர் எழுதிய அதே வரிசையில் இருந்தன. மண்ணீரல் வீக்கத்துக்கு எதிரே இருந்த பக்க எண்ணைப் பார்த்ததும் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கடையில் கிடந்த பழைய பதிப்பை வைத்து அவர் தப்பாகக் குறித்த எண் அது. புதுப் பதிப்பில் அந்தப் பக்கத்தில் வேறென்னவோ இருக்கும். சரிபார்க்கக்கூட பாவி மனுஷனுக்கு நேரமில்லை!

நன்றிப் பக்கத்துக்குப் போனார். பேராசிரியர்கள், மனைவி, மாமனார், டைப் அடித்துக் கொடுத்த பெண், வீட்டில் வளர்க்கிற நாய். நாய்க்கு ஒரு வரி இருந்தது, ஏசுதாஸுக்கு இல்லை. முன்னுரையின் கடைசியில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புத்தகக் கடைக்காரர்களின் பேச்சைக் கேட்டுப் புத்தகம் வாங்காதீர்கள், அவர்கள் தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிடுவார்கள்.

அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். தப்பாகப் படிக்கவில்லை.

கோட்டும் சூட்டுமாக அந்தப் பக்கம் வந்த ராஜாராமை நிறுத்தினார். “இன்னா சார் இது? என் நோட்டு கீது இதுல.”

ராஜாராம் தோளில் கை போட்டார். “அண்ணே, கேள்வி கேட்டது எக்ஸாமினருங்க. வந்து சொன்னது பசங்க. நீங்க எழுதிதானே வச்சிகினு இருந்தீங்க? இதுல உங்களுது இன்னா கீது, சொல்லுங்க?”

“கடைக்காரன் பேச்சக் கேக்காதன்னு போட்டுக்கீறியே. என் கடையில அழுதியே, அத்த மறந்துட்டியா நைனா?”

“அது பொதுவா சொன்னதுண்ணே, உங்கள இல்ல. மனசுல வச்சிக்காதீங்க. சாப்பாடு நல்லாருக்கும், இருந்து சாப்ட்டுப் போங்க.” யாரோ பெரிய மனிதர் வர, கையை எடுத்துவிட்டு ராஜாராம் போய்விட்டார்.

ஏசுதாஸ் மேசைக்கே திரும்பினார். திருடிக்கொண்டு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தானே எடுத்துக் கொடுத்ததோடு, விற்றுக் கொடுக்கவும் வந்து நிற்கிறோமே என்பதுதான் எரிந்தது.

அப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் மேசைக்கு வந்தாள். அட்டையில் சிநேகா என்றிருந்தது. ஒரு பிரதியை எடுத்துப் புரட்டிக்கொண்டே, “அண்ணா, அடுத்த மாசம் எனக்கு பிராக்டிகல். என்ன படிக்கிறதுன்னே தெரியல, ராத்திரி தூக்கமே வரல. இது நல்ல புக்கா?” என்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏசுதாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“நல்ல புக்குதாம்மா. இத்தவிட நல்லது இப்போதிக்கு இல்ல. கண்ண மூடிகினு வாங்கிக்க.”

முன்னுரையில் நின்றிருந்த அவள் விரல் கடைசியில் இருந்த எச்சரிக்கைக்கு நகர்ந்தது. படித்துவிட்டு நிமிர்ந்து, ஒரு மாதிரி சிரித்தாள். “சாரிண்ணா, தப்பா நெனைக்காதீங்க” என்று புத்தகத்தை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, மேடை ஓரம் நின்ற ராஜாராமிடம் போனாள். அவள் ஏதோ கேட்டாள். ராஜாராம் மேசைப் பக்கம் கையைக் காட்டித் தலையை ஆட்டினார்.

சிநேகா வேகமாகத் திரும்பி வந்தாள். முகத்தில் இப்போது பயம் இல்லை.

“சார் சொல்லிட்டாரு, குடுங்கண்ணா.”