உம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆசுபத்திரியில் பல வாரம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மலாயாவில், சிகாமட் ரயில் நிலையத்துக்கு எதிரே எங்கள் சாப்பாட்டுக்கடை; அதன் மாடியில் நாங்கள். உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். வாப்பாவுக்கு நூறு பேருக்குச் சோறாக்கத் தெரியும்; படுத்துக் கிடக்கும் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியாது.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆள் கேட்டார். முதலில் வந்த பெண் உம்மாவைவிட நன்றாகத் தூங்கினாள். அடுத்தவள் மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்கார விதவை வந்தார். அத்தை என்பதற்கான மலாய்ச் சொல்லால் மக்சிக் என்று கூப்பிட்டோம்.

தினமும் காலையில் அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார். சற்று நேரத்தில் உம்மாவின் அலறல் கேட்கும். படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வேன். ஒன்றும் கேட்காமல் போனால் அதைவிடப் பயமாக இருக்கும், கையை எடுத்துவிடுவேன்.

ஏழாம் நாள் கடைக்கு ஓடினேன். "வாப்பா, அவங்க உம்மாவ அடிக்கிறாங்க!"

கண்ணால் கண்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாப்பா மாடியேறி வந்து உம்மாவிடம் கேட்டார். "அடிக்கல. அனுப்பிடாதீங்க" என்றார் உம்மா.

"பின்ன எதுக்குக் கத்துறே?"

உம்மா போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். பயந்துபோய் மறைக்கிறாள் என்று வாப்பா முடிவுகட்டினார். மக்சிக் துணிமூட்டையோடு படியிறங்கிப் போனார்.

அவர் போன நான்காம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. அறையில் ஒரு நாற்றம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து பார்த்தார்.

"முதுகுல படுக்கைப் புண்ணு. யாரோ நல்லாக் கழுவி, திருப்பிப் படுக்க வச்சிருக்காங்க. இப்ப ஏன் விட்டுட்டீங்க?"

வாப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படகேறினார். மக்சிக் வரமாட்டேன் என்றால்? அக்கரை சேரும்வரை சொல்லவேண்டிய மலாய் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மக்சிக் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில், "நான் பொய் சொன்னேன்" என்றேன். புண் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று வாப்பா கேட்டார்.

"யாரிடமும் சொல்லாதே, பிள்ளையை உள்ளே விடாதே என்று உன் மனைவிதான் கெஞ்சினாள்" என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "காய்ச்சல் எத்தனை நாளாக?" என்று கேட்டபடியே முக்காட்டுத் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரால் தனியாக உம்மாவைத் திருப்ப முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை உள்ளே அழைத்தார். உள்ளங்கை அகலப் புண். நான் பிடியை விடவில்லை. உம்மா அலறவில்லை; உதட்டைக் கடித்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உம்மா பிழைத்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பு ஊன்றி நடந்தார். நான் சொன்ன பொய்க்காகத்தான் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பெற்ற மகள் முன்னால் ஓர் உடம்பு அவ்வளவு கூசும் என்று எனக்கு அப்போது தெரியாது.