ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் போட்ட 'ஓகே'

வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். ஷிப்ட் முடியும்போது மெஷினைப் பற்றி ரிஜிஸ்டரில் ரிமார்க்ஸ் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம் என்பதால், எல்லோரும் 'ஓகே' என்று போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவோம்.

அன்று பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவு சரியாக மூடவில்லை என்று எனக்குப் பட்டது. 'எனக்குப் பட்டது' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? தப்பாக எழுதினால் சிரிப்பார்களே என்று வழக்கம்போல 'ஓகே' போட்டேன்.

மறுநாள், அடுத்த ஷிப்டில் வேலை பார்க்கும் மஞ்சுளா அக்கா தன் கிளவுஸைக் காட்டினார். கதவு மூடுவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டதாம். விரல் தப்பியது, கிளவுஸின் நுனி நசுங்கியிருந்தது.

"நீ ஓகேன்னு போட்டிருந்த. அத நம்பித்தான, கண்ணு, கைய உட்டேன்?" என்றார்.

அப்போதே சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். இப்போது 'ஐ நோட்டீஸ்டு', 'ஐ திங்க்', 'ப்ளீஸ் செக்' மூன்றையும் ரிஜிஸ்டர் அட்டையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆங்கிலம் வராத நாளில் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரிக்கட்டும். படித்துச் சிரித்துவிட்டு, அப்புறம் மெஷினில் கையை விடட்டும்.