பெயிண்ட் அடித்த காது

அந்த எண்ணெய்க் கிடங்கில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எர்த்துக்காரர் என்றால் வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்துவந்த உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெட்ரோல் பிடிக்க வரும் லாரியின் தொட்டியில் ஒரு கவ்வியை மாட்டுவார், பிடித்து முடிந்ததும் கழற்றுவார். இதற்கா ஒரு ஆள் என்று கேட்காதவர்கள் அங்கே குறைவு. கேட்டவர்கள் எல்லோரும், அவர் கவ்வியை மாட்டி முடிக்கிற வரைக்கும் பத்தடி தள்ளி நின்றுதான் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விஷயம் இதுதான். பெட்ரோல் குழாய்க்குள் சும்மா ஓடாது. உரசி உரசி மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே ஓடும். கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதே, அதே சமாச்சாரம்தான். சட்டையில் வந்தால் முடி சிலிர்க்கும், பெட்ரோல் ஆவிக்கு நடுவில் வந்தால் முடியும் இருக்காது, தலையும் இருக்காது. அது பொறியாகத் தாவுவதற்கு முன்னால் மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு எர்த்துக் கம்பி வேண்டும். கம்பியின் ஒரு முனை பூமியில் புதைத்த இரும்பில் இருக்கும். மறுமுனையில் கவ்வி. அந்தக் கவ்வி கடிப்பதற்காகவே ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். காது என்பார்கள். காது எப்போதும் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் இது புரியாமல் போயிற்று.

எர்த்துக்காரருக்கும் இது பிறக்கும்போதே தெரிந்துவிடவில்லை. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தபோது, பிளாஸ்டிக் கேனைத் தரையில் இறக்கச் சோம்பல்பட்டு, வண்டியின் மேலேயே வைத்து அதில் குழாயைச் சொருகியவர்தான். நீலமாக ஏதோ பளிச்சென்றது. கை கால் பிழைத்தது அவர் செய்த புண்ணியம். இடது புருவம் மட்டும் போனது போனதுதான், திரும்ப முளைக்கவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம். கேனோடு யார் வந்தாலும் தரையில் வை என்பார். குழாயின் வாய் தொட்டியின் அடிவரைக்கும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஆரம்பத்தில் மெதுவாகத் திற, குழாயின் வாய் முங்கட்டும், அப்புறம் வேகம் வை என்று ஒவ்வொரு நாளும் அதே ஆட்களிடம் அதே பல்லவியைப் பாடுவார். பெட்ரோல் ஏற்றும் மேடைக்கு வருகிறவன், உடம்பில் ஒட்டிய மின்சாரம் இறங்க, அங்கே பதித்திருக்கும் இரும்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நைலான் சட்டையோடு வந்தால் அவன் யாராக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். டிரைவர்கள் அவர் காதுபடவே கிறுக்கு என்றார்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கவ்வி சரியாகக் கடித்திருக்கிறதா என்று இன்னொரு தரம் ஆட்டிப் பார்ப்பார்.

மேனேஜர் வேறு யாருமில்லை, எர்த்துக்காரர் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. வீட்டுக்கு வந்தால் வாய் நிறைய மாமா. கிடங்குக்குள் மச்சினன் சார், மாமா வெறும் எர்த்து. இதில் எர்த்துக்காரருக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. சாயங்காலம் இவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, காலையில் இவருக்கு மெமோ கொடுத்ததைப் பற்றி மச்சினன் வருத்தப்படும்போது, இவர்தான் சமாதானம் சொல்வார்.

மெமோ எதற்கு என்கிறீர்களா? அது பாதுகாப்பின் பேரில் வந்த வினை. அந்த வருஷம் தலைமை அலுவலகம் ஒரு பாதுகாப்புக் கேடயத்தை அறிவித்தது. கேடயம் வாங்குகிற கிடங்கின் மேனேஜருக்குப் பிரமோஷன் நிச்சயம் என்று பேச்சு. மச்சினனுக்குத் தூக்கம் போய்விட்டது. பாதுகாப்பே நம் மூச்சு என்று ஏழு இடத்தில் பலகை வைத்தான். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். கட்டுரைப் போட்டியில் கணக்கெழுதும் அம்மாள் முதல் பரிசு வாங்கினாள், அவள் ஒருநாளும் ஏற்றும் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தவளில்லை. கடைசியாக, பாதுகாப்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கம்பெனி லாரிகள் அத்தனைக்கும் பெயிண்ட் அடித்தார்கள். தொட்டிக்கு வெள்ளை. காதுக்கு, அது முக்கியமான இடமாயிற்றே என்று, நல்ல பச்சையில் மூன்று கோட்டிங்.

பெயிண்டின் மேல் கடித்தால் கவ்விக்கு இரும்பு எப்படிக் கிடைக்கும்? மேடையில் ஒரு விளக்கு உண்டு. கவ்வி இரும்பைத் தொட்டால் பச்சை எரியும், பம்ப் ஓடும். தொடாவிட்டால் சிவப்பு, பம்ப் ஓடாது. பெயிண்ட் அடித்த முதல் லாரி வந்தது, விளக்கு சிவப்பிலேயே நின்றது. எர்த்துக்காரர் அரத்தை எடுத்துக் காதைச் சுரண்டினார், பச்சை எரிந்தது. மறுநாள் மெமோ வந்தது: கம்பெனி உடைமையைச் சேதப்படுத்தியமைக்கு விளக்கம் கேட்டு. காதுக்குத் திரும்பவும் பெயிண்ட் அடித்தார்கள், அவரும் திரும்பவும் சுரண்டினார். மாதம் முடிவதற்குள் மூன்று மெமோ. மூன்றாவதன் அடியில், இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைநீக்கம் என்று போட்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், ஒற்றைப் புருவத்தோடு, கவ்வி மாட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆளை வேறு எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

மச்சினனும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அக்காள் முகத்தில் விழிக்க வேண்டுமே. மாமாவின் வேலையும் போகக்கூடாது, பெயிண்டும் போகக்கூடாது என்று மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தான். கேடயத்தைக் கொடுக்கப் பெரிய அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விளக்குப் பெட்டிக்குள் இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துவிடச் சொன்னான். அதற்கப்புறம் கவ்வியை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பச்சைதான். எல்லோருக்கும் நிம்மதி. அதைப் பற்றி எர்த்துக்காரரிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

காலையில் கிளம்பும்போது பெண்டாட்டி சொல்லித்தான் அனுப்பினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. உங்க வேலைக்கும் ஆபத்து, தம்பிக்கும் தலைகுனிவு. அரத்த வீட்லயே வச்சிட்டுப் போங்களேன்."

சரி என்றார். அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்து இறங்கினார். கூடவே போட்டோ எடுப்பவர், மாலை, கேடயம், எல்லாம். ஒரு லாரி நிரப்புவதைப் பார்த்துவிட்டுக் கேடயத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. லாரி மேடையில் ஏறி நின்றது. எர்த்துக்காரர் கவ்வியைக் கையில் எடுத்தார். இன்னும் மாட்டவில்லை, கையில்தான் இருக்கிறது. விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் கவ்வியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தன் புது ஷூவைப் பார்த்தான். அந்த நொடியில் எர்த்துக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாயைத் திறந்து விளக்கு பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் மச்சினனின் வேலை அன்றைக்கே காலி. அக்காளும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருப்பது அவருக்குத் தெரியாதா? சொல்லாமல் மாட்டினால், பத்தாயிரம் லிட்டர் பெட்ரோல் மூன்று கோட்டிங் பெயிண்டை நம்பி ஓடும். சொல்லாமல் சுரண்டினால் போவது தன் வேலை ஒன்றுதான். அவர் அரத்தை எடுத்தார்.

காதில் அரத்தை வைப்பதற்குள் பெரிய அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். புது வண்டிபோல இருப்பதை ஏன் சுரண்டுகிறாய் என்று கேட்டார். மெமோ விவரத்தை யாரோ அவர் காதில் ஓதினார்கள்.

"பச்சை எரியுதே, அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி.

"எரியுது சார். எனக்கு மனசு ஒப்பல."

"விளக்கை நம்ப மாட்டே, உன் மனசை நாங்க நம்பணுமா? இருபத்திரண்டு வருஷத்துல இங்க ஏதாவது நடந்திருக்கா?"

"ஒண்ணும் நடக்கல சார்."

"பாத்தியா? ஒண்ணுமே நடக்காத எடத்துல நீ என்ன பண்ணிட்டிருக்கே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எர்த்துக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தானே அவர் இத்தனை காலம் உயிரைக் கொடுத்தார்? அதை எப்படி எடுத்துக் காட்டுவது, எந்தப் போட்டோவில் விழும்? அங்கேயே நின்றபடி வேலைநீக்கக் காகிதம் எழுதினார்கள். மச்சினன் கையெழுத்துப் போட்டான். அரத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, காகிதத்தைக் கையில் கொடுத்து அவரை வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். நேற்றுவரை வணக்கம் வைத்த காவலாளி, அட்டை இல்லாத ஆள் என்று கம்பிக் கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தினான்.

விழா நிற்கக்கூடாதே. சரி, வேறு ஆளை விட்டு நிரப்பச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. பம்ப் ஓட்டுகிறவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது. டிரைவர் தன் வண்டிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மதிலோரம் போய் நின்றுகொண்டார். ஒயரை முறுக்கிய எலக்ட்ரீஷியன் கண்ணிலேயே படவில்லை. நேரமாகிறது என்று அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டினார். பிறகு, மேனேஜரே செய்துகாட்டட்டும், அதுவும் ஒரு முன்மாதிரிதானே என்று சொல்லிவிட்டு, போட்டோக்காரரையும் இழுத்துக்கொண்டு அலுவலக வராந்தா வரைக்கும் பின்வாங்கினார். மற்றவர்களும் அவர் பின்னால் நகர்ந்தார்கள்.

மேடையில் மச்சினன் மட்டும் நின்றான். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எர்த்துக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் ஒரு பக்கம், இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் போய் எப்படி நிற்பது என்ற பயம் ஒரு பக்கம். மச்சினன் கவ்வியைக் கையில் எடுத்துவிட்டு விளக்கை அண்ணாந்து பார்த்தான். அழகான பச்சை. உலகத்திலேயே அந்தப் பச்சையை நம்ப முடியாத ஆள் அவன் ஒருவன்தான். அவன் சொல்லித்தானே அது எரிகிறது.

அவன் நெற்றியைத் துடைத்தான். கோட்டைக் கழற்றி, அது நைலான் என்பது அப்போதுதான் உறைத்து, தூர வீசினான். இரும்புத் தகட்டை ஒரு தரம் தொட்டான், நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் தொட்டான். பிறகு வராந்தாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கால்சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, காதைச் சுரண்ட ஆரம்பித்தான். பச்சைத் தூள் அவன் ஷூவில் உதிர்ந்தது. சுரண்டினான், சுரண்டினான், எவ்வளவு சுரண்டினால் போதும் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவன் கதவுப் பக்கம் திரும்பினான். வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் கூப்பிட்டான். கிடங்குக்குள் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா, இது போதுமா?"

எர்த்துக்காரர் வேலைநீக்கக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்பிகளுக்கு இடையே முகத்தை நுழைத்து உற்றுப் பார்த்தார்.

"போதாது. இரும்பு தெரியல, இன்னும் சுரண்டு."